மாசி மாத ஸ்ரோபெரி ஆருடைய தண்ணீரில் பழுக்கிறது?



அம்மா பதினொரு வருசமாக ஒரு பழக் களஞ்சியத்தில் வேலை செய்கிறா. ரூர் பகுதியில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத பெரிய கட்டடம். இரவு வேலை. வெளியில் கோடை என்றாலும் உள்ளே குளிர்தான். தை கடைசியில் இருந்து ஸ்பெயின் லொறிகள் வரத் தொடங்கும். 500 கிராம் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்து, நசிந்த பழத்தை எடுத்துப் போட்டு, நல்லதை வைத்து மூடி அனுப்புவது அம்மாவின் வேலை. ஒரு பெட்டிக்கு எத்தனை செக்கன் என்று கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் மேற்பார்வையாளர் வந்து பின்னால் நிற்பார்.

இந்த மாசியில் ஒரு நாள் விடியக்காலை வேலை முடிஞ்சு வந்து, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டா: "பிள்ளை, இந்தக் குளிருக்குள்ள இது எங்க பழுக்குது? அந்த ஊரில தண்ணி அவ்வளவு கிடக்கே?"

"ஸ்பெயின்தானே அம்மா, அங்க வெய்யில்" எண்டு சொல்லிப்போட்டு நான் வகுப்புக்குப் போயிட்டன். ஆனால் அவ கேட்டது வெய்யிலைப் பற்றி இல்லை, தண்ணியைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவ. ஒரு பழத்தைப் பார்த்தால் அதுக்கு எத்தனை இறைப்பு போயிருக்கும் என்றுதான் முதலில் யோசிப்பா. அவவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குக் கீழே

ஸ்பெயினின் ஸ்ரோபெரியில் 90 வீதத்துக்கும் மேல் ஒரே ஒரு மாகாணத்தில் இருந்து வருகிறது: தென்மேற்கில், போர்த்துக்கல் எல்லையோடு இருக்கிற உவெல்வா. அதில் பெரும் பகுதி ஏற்றுமதிக்கு. முதன்மையான சந்தை நாங்கள் இருக்கிற ஜேர்மனி. பிறகு பிரான்ஸ், பிரித்தானியா. வானத்தில் இருந்து பார்த்தால் அந்த மாகாணத்தின் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரியும். எல்லாம் பொலித்தீன் கூடாரங்கள்.

அந்தக் கூடாரங்களுக்குப் பக்கத்தில், குவாடல்கிவிர் ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருப்பது டொன்யானா. 1969இல் தேசியப் பூங்காவாகவும் 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம். ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையில் போய்வருகிற இலட்சக்கணக்கான பறவைகள் இறங்குகிற இடம்.

கூடாரத்துக்கும் சதுப்புக்கும் கீழே இருப்பது ஒரே நிலத்தடி நீர்ப்படுகை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், பிறகு வருகிற எல்லாச் சண்டைக்கும் காரணம் இதுதான். மணலுக்குள் இறங்குகிற மழை கீழே சேர்ந்து மெதுவாக நகர்கிறது. நிலம் எங்கெங்கே பள்ளமாக இருக்கிறதோ அங்கங்கே அந்த நீர்மட்டம் வெளியில் தெரியும். அதைத்தான் குளம் என்கிறோம். கோடையில் அங்குள்ள சிற்றாறுகளை உயிரோடு வைத்திருப்பதும் அதே தண்ணீர். ஆக, பூங்காவுக்குள் ஒருவரும் காலே வைக்காமல் குளத்தை வற்றச் செய்யலாம். பத்துக் கிலோமீற்றர் தள்ளி நின்று பம்ப் போட்டால் போதும்.

அதுதான் நடந்தது. 2022 கோடை முடிவில் டொன்யானாவின் நிரந்தரக் குளங்களில் மிகப் பெரியதான சாந்தா ஒலாயா முழுவதும் வற்றியது. அடுத்த வருசமும் வற்றியது. பெரிய குளங்களில் பாதிக்கு மேல் 2013க்குப் பிறகு அதுவரை ஒருமுறைகூட நிரம்பியிருக்கவில்லை. வறட்சி ஒரு காரணம். கடற்கரையில் இருக்கிற மத்தலஸ்கான்யாஸ் என்ற சுற்றுலா நகரம் எடுக்கிற தண்ணீர் இன்னொரு காரணம். ஆனால் வறட்சி வந்த வருசத்தில்தான் பம்ப்பும் கூட ஓடும். இரண்டையும் பிரித்து, பழியை மழை மேல் போட்டுவிட முடியாது.

இதைத் தொடக்கி வைத்ததும் பேராசை பிடித்த யாரோ ஒரு முதலாளி இல்லை. 1970களில் ஸ்பெயின் அரசு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்போடு சேர்ந்து அந்த மணல் நிலத்தின் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று ஆய்வு செய்து, பாசனத் திட்டம் போட்டது. ஏழ்மையான ஒரு பகுதிக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது நியாயமான காரணம். அரசுதான் வழி காட்டியது. பிறகு வந்தவர்கள் அந்த வழியை அகலமாக்கினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை

எங்கட கூட்டங்களில் இப்படியான விசயம் வந்தால் "சட்டம் இல்லை, கட்டுப்பாடு இல்லை" என்று தொடங்குவம். உவெல்வாவில் அந்தக் கதை சரிவராது. சட்டம் நிறைய இருக்கிறது.

ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நிலத்தடி நீரைப் பொதுச் சொத்து ஆக்கியது. அதற்கு முன்னர், கிணறு வெட்டியவருக்கே தண்ணீர் சொந்தம். 1986இல் இருந்து தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டும். ஆனால் பழைய கிணற்றுக்காரர்களின் தனியுரிமை உடனே பறிக்கப்படவில்லை. அதோடு, சொந்த நிலத்தில் வருசத்துக்கு 7,000 கன மீற்றர் வரை அனுமதிப்பத்திரம் இல்லாமலே எடுக்கலாம் என்றும் விட்டார்கள். ஒரு வீட்டுத் தேவைக்கு அது மிக அதிகம். அப்படிப் பல கிணறுகள் சேர்ந்தால் ஒரு படுகைக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

2000இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீர்ச் சட்டகப் பணிப்புரை வந்தது. எல்லா நிலத்தடி நீர்ப்படுகையும் 2015க்குள் நல்ல நிலைக்கு வர வேண்டும் என்றது. பிறகு அந்தத் தவணை 2027 வரை நீண்டது. 2014இல் அண்டலூசியப் பிராந்திய அரசு டொன்யானாவின் வடக்குப் பகுதிக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மக்கள் அதை ஸ்ரோபெரித் திட்டம் என்பார்கள். 2004க்கு முன்னரே பாசனம் செய்துகொண்டிருந்த சுமார் 9,000 ஹெக்டேர் தொடரலாம், அதற்குப் பிறகு வந்தவை நிறுத்த வேண்டும் என்பது விதி. 2020இல் குவாடல்கிவிர் ஆற்றுப்படுகை அதிகாரசபை டொன்யானாவின் ஐந்து நிலத்தடி நீர்ப் பிரிவுகளில் மூன்றை ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்தது. 2021 ஜூன் 24 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது: சட்டவிரோதமாக எடுக்கப்படுகிற தண்ணீரை ஸ்பெயின் கணக்கிலேயே சேர்க்கவில்லை, பாதுகாக்கப்பட்ட வாழிடங்களின் சீரழிவைத் தடுக்கவில்லை என்று.

இவ்வளவும் இருந்தும் ஏன் குளம் வற்றியது? தண்ணீர் மத்திய அரசின் கீழ் உள்ள ஆற்றுப்படுகை அதிகாரசபையிடம். நிலத்தில் என்ன செய்யலாம் என்ற முடிவு பிராந்திய அரசிடம். காட்டை வெட்டிக் கூடாரம் போடுவதைக் கண்ணால் காண்பது நகரசபை. ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டலாம். அதிகாரசபை நூற்றுக்கணக்கான கிணறுகளை மூடியிருக்கிறது. ஒன்றை மூட வழக்கு, மேன்முறையீடு என்று வருசங்கள் போகும். புதிதாக ஒன்றைத் துளைக்க ஒரு இரவு போதும். மேயருக்கு நாலு வருசத்துக்கு ஒருக்கால் தேர்தல். நிலத்தடி நீருக்கு வாக்கு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே உள்ள எல்லா விவசாயியும் களவாகத் தண்ணீர் எடுக்கிறவர் இல்லை. ஐந்து ஹெக்டேரோடு, அனுமதிப்பத்திரத்தோடு, மீற்றர் பூட்டி வேலை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்து நிலத்துக்காரர் சட்டவிரோதமாக இறைக்கிறபோது முதலில் மட்டம் இறங்குவது இவர்களின் கிணற்றில்தான். அல்மொன்தேயில் சட்டப்படி விவசாயம் செய்கிறவர்களின் சங்கமே, சட்டவிரோதக் கிணறுகளுக்கு மன்னிப்பு வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியது. "விவசாயிகள் எதிர் பறவைகள்" என்று பத்திரிகைகள் போடுகிற தலைப்பை நாங்களும் திருப்பிச் சொல்லாமல் இருப்பம்.

2023: கையெழுத்தும் காசும்

2022இலும் மறுபடி 2023இலும் அண்டலூசியப் பாராளுமன்றத்தில் வலதுசாரி மக்கள் கட்சியும் தீவிர வலதுசாரி வொக்ஸ் கட்சியும் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தன. 2014 திட்டத்துக்கு வெளியே நின்ற பல நூறு ஹெக்டேரைப் பாசன நிலமாக ஏற்றுக்கொள்வதே அதன் நோக்கம். "நிலத்தடி நீரைத் தொடமாட்டோம், வேறு ஆற்றில் இருந்து கொண்டுவருகிற தண்ணீரை மட்டும் கொடுப்போம்" என்றார்கள். பக்கத்து ஆற்றுப்படுகையில் இருந்து வருசத்துக்கு ஏறக்குறைய 2 கோடி கன மீற்றர் கொண்டுவர 2018இலேயே சட்டம் இருந்தது. அந்தத் தண்ணீர் முழுதாக வந்து சேரவில்லை. ஏற்கனவே உரிமை உள்ளவர்கள் அதற்கு வரிசையில் நின்றார்கள். வராத தண்ணீரைக் காட்டி நிலத்துக்கு உரிமை கொடுத்தால், பயிர் வாடுகிற அன்று பம்ப் எங்கே போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் ஜேர்மனியில் கம்பாக்ட் என்ற அமைப்பு, டொன்யானாவைக் காயவைக்கிற ஸ்ரோபெரியை விற்க வேண்டாம் என்று பெரிய சுப்பர்மார்க்கற்றுகளிடம் கேட்டு ஒரு இலட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியது. எங்களில் பலர் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். ஸ்பெயினில் அது பெரிய சத்தமாகியது. ஜேர்மன் பாராளுமன்றக் குழு ஒன்று உவெல்வாவுக்குப் போக இருந்து, தேர்தல் சூட்டில் பயணத்தை நிறுத்திவிட்டது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சர் தெரேசா ரிபேராவும் அண்டலூசியத் தலைவர் ஹுவான்மா மொரேனோவும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சட்டமூலம் கைவிடப்பட்டது. டொன்யானாவைச் சுற்றியுள்ள 14 நகரசபைகளுக்கு 140 கோடி யூரோ திட்டம் அறிவிக்கப்பட்டது.

இது வெற்றிதான், குறைத்துப் பேச மாட்டேன். மன்னிப்புச் சட்டம் வந்திருந்தால், அடுத்த முறையும் களவாக வெட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும் என்று எல்லோருக்கும் சொன்னதாக இருந்திருக்கும்.

ஆனால் உடன்பாட்டின் உள்ளே பாருங்கள். பயிரை நிறுத்தி நிலத்தைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிற நிலக்காரருக்கு ஹெக்டேருக்கு 100,000 யூரோ வரை, பத்து வருசத்தில். நகரசபைகளுக்கும் வேலைவாய்ப்புத் திட்டங்களுக்கும் பணம் ஒதுக்கினார்கள், உண்மை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது நிலம் வைத்திருப்பவருக்குத்தான். அந்த நிலத்தில் பத்து வருசம் குனிந்து பழம் பறித்தவருக்கு ஹெக்டேர் இல்லை. அதனால் அவருக்குக் கணக்கும் இல்லை.

வாங்காமல் விட்டால் போதுமா?

எங்கட வயதில் எல்லோருக்கும் முதலில் வருகிற பதில், வாங்காமல் விடுவது. நான் அதைப் பழிக்கவில்லை. மாசியில் ஸ்ரோபெரி சாப்பிடாவிட்டால் ஒருவரும் செத்துப்போக மாட்டினம். ஆனால் தனிய அதை மட்டும் செய்தால் கிணறு இடம் மாறும், அவ்வளவுதான். சுப்பர்மார்க்கற் கொள்வனவு செய்கிறவர் அடுத்த நாளே மொரோக்கோவுக்குத் தொலைபேசி எடுப்பார். அங்கே சூஸ் சமவெளியில் எங்களுக்காகத் தக்காளி விளைவித்து நிலத்தடி நீர் ஏற்கனவே ஆழத்துக்குப் போய், கடல் நீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த பதில், சான்றிதழ். பெட்டியில் பச்சை இலை போட்ட ஒரு முத்திரை. "பொறுப்பான நீர்ப் பயன்பாடு." சான்றிதழ் அளப்பது ஒரு தோட்டத்தை. இந்தத் தோட்டம் ஒரு கிலோவுக்கு எத்தனை லீற்றர் பாவிக்கிறது, மீற்றர் இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். அது தேவையானதுதான். ஆனால் படுகை முழுவதிலும் மொத்தமாக எவ்வளவு எடுக்கிறார்கள், எவ்வளவு மழை திரும்ப இறங்குகிறது என்ற கணக்கை எந்த முத்திரையும் ஒரு பெட்டியில் ஒட்ட முடியாது.

சொட்டுநீர்ப் பாசனமும் அப்படித்தான். உவெல்வாக்காரர் உலகத்திலேயே கெட்டிக்காரத்தனமாகத் தண்ணீர் விடுகிறவர்களில் சேர்த்தி. ஒரு செடிக்குச் செலவு குறைந்தது. மிச்சம் பிடித்த தண்ணீர் குளத்துக்குப் போகவில்லை, அடுத்த ஹெக்டேருக்குப் போனது. மொத்தத்துக்கு ஒரு எல்லை போடாமல் சிக்கனத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால், சிக்கனமே விரிவாக்கத்துக்கு முதல் ஆகிவிடும். இது விவசாயியின் குணக்கேடு இல்லை. சுப்பர்மார்க்கற் விலையை நெருக்க நெருக்க, அவர் நிலத்தைக் கூட்டித்தான் தப்பலாம்.

ஆகவே என் நிலைப்பாடு இது: நிலத்தடி நீரை ஆளுகிற அலகு தோட்டமும் இல்லை, நுகர்வோரும் இல்லை. படுகைதான். முதலில் இந்தப் படுகையில் இருந்து வருசத்துக்கு இவ்வளவுதான் என்று எல்லை. பிறகு அதற்குள் பங்கீடு. அந்தப் பங்கீட்டு மேசையில் ஆர் இருக்கிறார் என்பதுதான் இடதுசாரிகள் கேட்க வேண்டிய கேள்வி.

மேசையில் இல்லாதவர்கள்

ஸ்பெயினில் தண்ணீர்ப் பயனாளர் சமூகங்கள் என்று ஒரு பழைய, மதிப்பான மரபு உண்டு. பாசனக்காரர் கூடித் தாங்களே பங்கு பிரிப்பது. படுகை ஆபத்தில் என்று அறிவித்தால் அப்படி ஒரு சமூகம் அமைப்பது கட்டாயம். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அங்கே வாக்கு பெரும்பாலும் பாசன நிலத்தின் அளவை ஒட்டிப் போகும். நிலம் இல்லாதவருக்கு அங்கே கதிரை இல்லை.

நிலம் இல்லாதவர் ஆர்? ஒவ்வொரு வருசமும் மொரோக்கோவில் இருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பருவகால ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர்களைத் தெரிவு செய்கிறபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது. பிள்ளை இருந்தால் திரும்பிப் போவார்கள் என்ற கணக்கு. 2018இல் அவர்களில் சிலர் பாலியல் வன்முறை பற்றியும் கூலி பற்றியும் முறைப்பாடு செய்தார்கள். 2020இல் கொரோனாவில் மொரோக்கோ எல்லையை மூட, ஆயிரக்கணக்கான பெண்கள் பருவம் முடிந்தும் வீடு போக முடியாமல் உவெல்வாவிலேயே மாட்டுப்பட்டார்கள்.

இன்னொரு பக்கம் மேற்கு ஆபிரிக்காவில் இருந்தும் மொரோக்கோவில் இருந்தும் வந்து, பலர் பதிவுப் பத்திரம் இல்லாமல், மொகேர், லுசேனா டெல் புவேர்தோ போன்ற ஊர்களின் ஓரத்தில் மரப்பலகையும் தோட்டத்துப் பழைய பொலித்தீனும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் வறுமை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஓல்ஸ்டன் அங்கே போனார். உலகில் தான் கண்ட மிக மோசமான இடங்களோடு இதை ஒப்பிடலாம் என்றார். குழாய்த் தண்ணீர் இல்லை. மின்சாரம் இல்லை. கூடாரத்துக்குள் ஒவ்வொரு செடிக்கும் வேரடியில் குழாய் வந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறது. அந்தப் பழத்தைப் பறிக்கிறவர் குடிக்கவும் குளிக்கவும் வாளியோடு நடக்கிறார்.

டொன்யானாவுக்காகக் கையெழுத்து வாங்கிய மனுவில் குளமும் பறவையும் இருந்தன. இந்த மனிதர்கள் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்ட நானும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. உவெல்வாவில் பண்ணைத் தொழிலாளிப் பெண்களின் கூட்டு ஒன்று, ஹோர்னலேராஸ் தே உவெல்வா என் லுச்சா என்ற பெயரில், தண்ணீரையும் கூலியையும் பெண் உரிமையையும் ஒரே போராட்டமாகத்தான் பேசுகிறது. அவர்களைக் கேட்காமல் நாங்கள் இங்கிருந்து தீர்வு சொல்லக்கூடாது.

ஊர்க் கிணறு

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னபோது அவ தன் ஊர்க் கிணற்றுக்குப் போயிட்டா.

யாழ்ப்பாணக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் எழுதியிருக்கும். அம்மப்பாவின் உறுதியில் நாலில் ஒரு பங்கு. நாலு குடும்பத்துக்கு முறை வைத்து இறைப்பு. துலா மிதிச்ச காலத்தில் முறை நாள் கணக்கு. மனிசர் களைச்சால் இறைப்பும் நிற்கும், அதனால் அதிகம் எடுக்க முடியாது. பிறகு மெசின் வந்தது. 1970களில் இறக்குமதித் தடையோடு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வர, எல்லாரும் மெசின் வாங்கினார்கள். பெரிய மெசின் வைச்சிருந்தவர் ஒரு காலையிலேயே கிணற்றை அடியோட வற்ற வைச்சிடுவார். சண்டை வந்து, நாலு குடும்பமும் இருந்து பேசி, நாள் கணக்கை மணித்தியாலக் கணக்காக மாற்றினார்கள். அதிகாரசபையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஏன் அது வேலை செய்தது? "இழுத்தா உவர் வரும். உவர் வந்தா நாலு பேருக்கும்தான்" எண்டு அம்மா சொன்னா. எங்கட நல்ல தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருப்பது. எல்லை எங்கே என்று நாக்கிலேயே தெரிந்தது.

இதை எழுதி இங்கேயே முடித்தால் எல்லோருக்கும் சந்தோசமாக இருக்கும். எங்கட முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பகிரலாம். ஆனால் அம்மா அடுத்ததையும் சொன்னா. கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டுத்தான் சொன்னா.

"அந்தக் கிணத்தில எல்லாரும் அள்ள ஏலாது. எங்கட தோட்டத்தில வேலை செய்த ஆக்கள் கிணத்தடிக்கு வரக்கூடாது. வெளியில நிண்டு கையை ஏந்துவினம். நாங்கள் ஊத்துவம். சின்னப்பிள்ளையில நானும் ஊத்தியிருக்கிறன்."

சாதி பார்த்துத் தண்ணீர் மறுத்த கிணறு அது. நாலு குடும்பத்துக்குள் நியாயமான பங்கீடு. வெங்காயம் நட்டுக் களை பிடுங்கினவருக்கு ஏந்திய கை. உவெல்வாவின் பயனாளர் சமூகத்தில் கதிரை இல்லாத மொரோக்கோப் பெண்ணும், எங்கட கிணற்றடிக்கு வர விடாத மனிதரும் ஒரே இடத்தில்தான் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். "சமூகமே பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஆராவது சொல்கிறபோது, எந்தச் சமூகம், அதற்குள் ஆர் இல்லை என்று கேட்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை. எங்கட சொந்தக் கிணற்றில் இருந்துதான் எடுக்கிறேன்.

அப்ப என்ன செய்வம்?

ஒன்று. இங்கே ஒரு கருவி எங்கட கையில் இருக்கிறது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் இருந்து நடைமுறையில். மக்களின் உணவையோ குடிநீரையோ கெடுக்கிற அளவுக்கு மிதமிஞ்சித் தண்ணீர் எடுப்பதையும் அது உரிமை மீறலாகவே குறிப்பிடுகிறது. பெரிய கொம்பனிகள் ஒவ்வொன்றும் முறைப்பாடு வாங்குகிற வழி வைத்திருக்க வேண்டும். ஸ்பெயின் தொழிலாளரோ அவர்களின் அமைப்போ முறைப்பாடு செய்கிறபோது மொழிபெயர்க்க, படிவம் நிரப்ப, இங்கே தெருவில் சத்தம் போட ஆக்கள் வேண்டும். அந்த வேலை எங்களால் ஏலும். இந்தச் சட்டத்தையும் இதே வகையான ஐரோப்பியச் சட்டத்தையும் அதிகாரச் சுமை என்று சொல்லிச் சுருக்கப் பார்க்கிறார்கள். அதை எதிர்ப்பதும் தண்ணீர்ப் போராட்டம்தான்.

இரண்டு. கேள்வியை மாற்றுவம். "இந்தப் பழம் நல்லதா கெட்டதா" என்று கேட்பதை விட்டு, சுப்பர்மார்க்கற்றிடம் இப்படிக் கேட்பம்: இந்தப் பெட்டி எந்தப் படுகையின் தண்ணீர்? அந்தப் படுகைக்கு எல்லை போட்டிருக்கிறார்களா? தோட்டத்தின் அனுமதி இலக்கம் என்ன? அந்த எல்லைக்குள் நிற்கிற விவசாயி பிழைக்கிற விலையை நீங்கள் கொடுக்கிறீர்களா? ஆயிரம் பேர் இதே கேள்வியை எழுத்தில் கேட்டால் ஆராவது ஒருவர் பதில் தேட வேண்டிவரும்.

மூன்று. பயிரைக் குறைக்கிற எந்த உடன்பாட்டிலும் நிலத்துக்கு இழப்பீடு இருக்கிற மாதிரி வேலைக்கும் இழப்பீடும் வதிவிட அனுமதியும் இருக்க வேண்டும் என்று சொல்லுவம். தண்ணீர் ஆளும் மேசையில் தொழிலாளருக்கும் குடிசைக்காரருக்கும் கதிரை. களவாகக் கிணறு வெட்டிய பெரிய பண்ணையும், ஐந்து ஹெக்டேர் குடும்பமும் ஒரே வரிசையில் நின்று காசு வாங்கக்கூடாது.

நான்கு. இது எங்கட வீட்டுக்குள். ஊரில் காணி வாங்கித் தோட்டம் போடுவம், குழாய்க்கிணறு அடிப்பம், ஏற்றுமதி செய்வம் என்று எங்கட ஆக்கள் முதலீடு பேசுகிற காலம் இது. நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். உவெல்வாவிலும் நல்ல மனதோடுதான் தொடங்கினார்கள். அந்தக் காசு போவதற்கு முன்னர் கேட்பம்: எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர், பக்கத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும், ஆர் முடிவு எடுத்தார்கள், ஆரைக் கேட்கவில்லை? மாமா, சித்தப்பாவிடம் இதைக் கேட்பது ஒரு ஜேர்மன் கொம்பனியிடம் கேட்பதைவிடக் கஷ்டம். எனக்குத் தெரியும். நான் இன்னும் கேட்கவில்லை.

இதை எழுதி முடிச்சு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கிணற்றடிக் கதையைப் போடலாமோ என்று கேட்டேன். "போடு, ஆற்றை பேரையும் போடாத" எண்டா. பிறகு, "அப்ப நான் செய்யிற வேலையும் பிழையே?" எண்டு கேட்டா.

இல்லை அம்மா. அங்கே பறிக்கிறவவும் இங்கே பெட்டி திருப்பிப் பார்க்கிற நீங்களும் ஒரே சங்கிலியின் இரண்டு முனை. அவவுக்கும் செக்கன் கணக்கு இருக்கும், பின்னால் ஒரு ஆள் நிற்பார். உங்கட களஞ்சியத்தில் தொழிற்சங்கம் இல்லை, அங்கே கூடாரத்திலும் பெரும்பாலும் இல்லை. இரண்டு முனையில் இருக்கிறவர்களும் கதைச்சால் நடுவில் நிற்கிறவருக்குத்தான் பிரச்சினை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசுவம் என்று நினைக்கிறேன். உங்கட வீட்டிலும் களஞ்சியத்திலோ தோட்டத்திலோ சமையலறையிலோ வேலை செய்கிறவர்கள் இருந்தால் கூட்டிவாருங்கள். ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் இருந்தால் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள், அது இப்போது மிகவும் தேவை. அம்மா வருகிறா. இரவு வேலை முடிஞ்சு நேரே வருவா, தேத்தண்ணி தயாராக இருக்க வேண்டும்.

தோழமையுடன்.